கம்பியின் குற்றமா? கம்பெனியின் குற்றமா?

கோயமுத்தூரில் இரவு எட்டு மணிக்கு மேல் எந்த வீதியில் நடந்தாலும், எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும், ஒரே புலம்பல் காதில் விழுகிறது: "நெட்டு சுத்திக்கிட்டே இருக்குதுங்க." மாதம் பிறந்தால் சந்தாப் பணம் தவறாமல் போய்ச் சேருகிறது. திரையிலோ ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. சிலர் கம்பெனிக்காரனை வைகிறார்கள். சிலர் கம்ப்யூட்டரைத் தட்டுகிறார்கள். பெரும்பான்மையோர் தலைவிதி என்று படுத்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் தடை என்று ஆராய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சினிமா பார்ப்பதற்குத்தானே, ஒரு நாள் பார்க்காவிட்டால் என்ன என்று கேட்போர் இன்னும் இருக்கக்கூடும். அவர்கள் பத்து வருஷம் பின்தங்கியவர்கள். திருப்பூர் ஏற்றுமதிக்காரரின் கணக்கும், பொள்ளாச்சி விவசாயியின் பட்டாச் சிட்டாவும், கல்லூரி மாணவனின் பரீட்சை விண்ணப்பமும் இன்று இந்த மெல்லிய இழையின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. பீளமேட்டில் வசிக்கும் நமது நண்பர் ஒருவர் வீட்டில் இதைக் கண்ணாரக் கண்டோம். அவருடைய மகள் பெங்களூர் ஸ்தாபனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். நடமாட முடியாத பாட்டியைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி பெற்றிருக்கிறாள். அமெரிக்கக்காரர்களோடு நடக்கும் ராத்திரிக் கூட்டங்களில் அவள் குரல் துண்டு துண்டாக அறுந்துபோயிற்று. நான்கு முறை இப்படி நேர்ந்த பிறகு, "அடுத்த மாதம் முதல் ஆபீசுக்கே வந்துவிடவும்" என்று மேலதிகாரியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. பாட்டியை யாரிடம் விட்டுப் போவது? அன்றுதான் நண்பர் விழித்துக்கொண்டார்.

அவர் ஓய்வு பெற்ற மில் மேஸ்திரி. முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். நூல் அடிக்கடி அறுந்தால் மில்லில் என்ன செய்வார்கள்? பஞ்சு கெட்டது என்று கூச்சல் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்களா? புளோ ரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ் என்று ஒவ்வொரு கட்டமாகப் பிரித்துப் பார்த்து, எந்தக் கட்டத்தில் குற்றம் நுழைகிறது என்று பிடிப்பார்கள். இது இந்த ஜில்லாவுக்குப் புதிதல்ல. ஜி. டி. நாயுடு வாலிபத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு அக்காகக் கழற்றிப் பூட்டிப் பார்த்துத்தான் யந்திர ஞானம் பெற்றார் என்பதை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அப்படிப்பட்ட ஊரில், வீட்டு மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் சிறு பெட்டிக்கு மட்டும் ஏன் இத்தனை பயம்?

முதலில் ஒரு கணக்குப் பிழையைத் தீர்த்துவிட வேண்டும். கம்பெனி விளம்பரம் செய்யும் 100 என்பது மெகாபிட். கம்ப்யூட்டர் ஒரு கோப்பை இறக்கும்போது காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் சந்தாவுக்கு செகண்டுக்கு 12 மெகாபைட் வந்தாலே முழு அளவும் வந்துவிட்டதாக அர்த்தம். "நூறு என்று சொல்லிப் பன்னிரண்டுதான் கொடுக்கிறான்" என்று சண்டைக்குப் போகிறவர்கள் பலர். அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

சட்டம் எதை வேகம் என்று ஒப்புக்கொள்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, சுதந்திர தினத்தன்று, விதேஷ் சஞ்சார் நிகம் என்ற சர்க்கார் ஸ்தாபனம் நம் நாட்டுப் பொதுஜனங்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்டது. (சுதேசிக் கொடி ஏறும் நாளில் பெயரிலேயே "விதேஷ்" இருந்தது ஒரு வேடிக்கை.) அன்று டெலிபோன் கம்பியில் செகண்டுக்குச் சில ஆயிரம் பிட் ஊர்ந்து வந்தது. 2004-ல் 256 கிலோபிட் இருந்தால் "பிராட்பேண்ட்" என்றார்கள். 2013-ல் 512 என்றார்கள். 2023-ல்தான் அது 2 மெகாபிட் ஆயிற்று. கம்பெனிகள் நூறும் இருநூறும் என்று முழங்கினாலும், "பிராட்பேண்ட்" என்ற பெயருக்கு சர்க்கார் கேட்கும் தகுதி இன்று இவ்வளவே. ஆகவே அந்தச் சொல்லை நம்பிச் சண்டை போட முடியாது. ரசீதில் எழுதியிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

நிற்க. மேஸ்திரி என்ன செய்தார் என்பதைச் சொல்வோம். வழியை அவர் மூன்று துண்டாகப் பிரித்தார். கம்ப்யூட்டரிலிருந்து ரூட்டர் வரை ஒன்று. ரூட்டரிலிருந்து கம்பெனியின் உள்ளூர் நிலையம் வரை இரண்டு. அங்கிருந்து வெளியுலகம் வரை மூன்று. முதல் துண்டு வீட்டுக்காரன் பொறுப்பு. இரண்டாவது முழுக்கக் கம்பெனியின் பொறுப்பு. மூன்றாவது பலருடைய பொறுப்பு.

முதல் துண்டைச் சோதிக்க வைஃபையை மறந்துவிட்டு ஒரு கம்பியால் கம்ப்யூட்டரை நேராக ரூட்டரோடு இணைத்துப் பார்க்க வேண்டும். கம்பியில் வேகம் இருந்து காற்றில் இல்லாமற் போனால், குற்றம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை நம் சர்க்கார் 2005-ல் லைசென்ஸ் இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. நல்ல காரியந்தான். ஆனால் பொதுப் புறம்போக்கில் எல்லோரும் மாட்டை விட்டால் புல் மிஞ்சுமா? அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத வாய்க்கால்கள் 1, 6, 11 என்ற மூன்றே மூன்று. காந்திபுரத்து அடுக்குமாடி வீட்டில் நின்று பார்த்தால் முப்பது ரூட்டர்கள் இந்த மூன்றுக்குள் முண்டியடிக்கின்றன. அடுப்படி மைக்ரோவேவ் பெட்டியும் அதே அலையில்தான் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் இடம் தாராளம். 2018-ல் அதிலும் சர்க்கார் மேலும் இடம் விட்டிருக்கிறது. ஆனால் அது சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஆகையால் ரூட்டரை இரும்பு பீரோவின் பின்னால் ஒளித்து வைக்காமல், வீட்டு நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் வைப்பதே பாதி வைத்தியம்.

நண்பர் கம்பி போட்டுப் பார்த்தார். அவருடைய சந்தா 200 மெகாபிட். வந்தது 94. காலையிலும் 94, நடுப்பகலிலும் 94. மாறாத இந்த எண்ணைக் கண்டதும் அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கம்பெனி பாதியை விழுங்குகிறது என்று தீர்மானித்து, ஆளை அழைத்து நாலு வார்த்தை சொன்னார். வந்த பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க ஐயா, கோளாறு உங்க வயருலதானுங்க இருக்குது" என்றான். அவன் சொன்னதே உண்மை. அந்தக் கம்பிக்குள் எட்டு இழைகள் உண்டு. எட்டும் ஒழுங்காக இருந்தால் 1000 மெகாபிட் வரை போகும். ஓர் இழை அறுந்தாலும் இரண்டு முனைகளும் சத்தமின்றி 100-க்கு இறங்கிச் சமாதானம் செய்துகொள்ளும். அந்த 100-ல் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 94. கதவிடுக்கில் நசுங்கிய கம்பியை மாற்றியதும் 190-ஐத் தாண்டியது. ஆறு மாதம் கம்பெனியை வைதது வீண். நூல் அறுந்ததற்குப் பஞ்சை வைதது போலாயிற்று என்று மேஸ்திரியே சிரித்தார்.

கம்ப்யூட்டரின் சொந்த நோய்களும் உண்டு. பழைய தட்டு, நிறைந்த ஞாபகசக்தி, கேட்காமலே பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும் புதுப்பிப்புகள், இலவசம் என்று ஏற்றிக்கொண்ட கண்ட கண்ட மென்பொருள்கள். இன்னொரு கம்ப்யூட்டரையோ போனையோ அதே இடத்தில் வைத்துப் பார்த்தால் இது நொடியில் தெரிந்துவிடும். அதிகம் சொல்வானேன்?

ஆனால் வேகம் 190 ஆன பிறகும் மகளின் குரல் அறுந்தது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முகம் பார்த்துப் பேச இரண்டு மூன்று மெகாபிட் இருந்தால் தாராளம். ஆகவே அவளுடைய நோய் வேகக் குறைவல்ல, தாமதம். இவ்விரண்டும் வேறு வேறு. ஈரோடு மஞ்சள் மண்டியின் வாசல் குறுகலாயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நூறு லாரி நிற்கும் மைதானம் இருப்பதால் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு அவசரக் கடிதத்தோடு சைக்கிளில் வந்தவனும் அந்த நூறு லாரிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். மைதானத்தைப் பெரிதாக்கினால் அவன் இன்னும் பின்னால் போவானேயன்றி முன்னால் வரமாட்டான். ரூட்டருக்குள்ளும் இப்படி ஒரு மைதானம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜிம் கெட்டிஸ் என்ற நிபுணர் 2010-ல் தம் வீட்டு இணைப்பை ஆராயப் புகுந்துதான் இந்த வியாதியைக் கண்டறிந்து, "பஃபர்ப்ளோட்" என்று பெயரிட்டார். உலகத்து நிபுணர்கள் பலர் கண்ணில் படாமல் வீடுதோறும் இருந்த நோய் ஒருவருடைய சொந்த வீட்டில் அகப்பட்டது!

நமது நண்பர் வீட்டில் சந்தா ரசீதைத் திருப்பிப் பார்த்தபோது, வருவதற்கு 200 என்றும், போவதற்கு 20 என்றும் பொடி எழுத்தில் இருந்தது. பேரன் ஒரு கல்யாணத்துக்குப் போய் எடுத்து வந்த படங்களெல்லாம் அவன் போனிலிருந்து இரவெல்லாம் கிளவுட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. அந்த 20-ம் அதற்கே சரியாய்ப் போயிற்று. அத்தையின் குரல் கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் காத்து நின்றது. படங்கள் இரவு இரண்டு மணிக்குமேல் ஏறட்டும் என்று ஏற்பாடு செய்ததும் பாதி நோய் தீர்ந்தது.

மீதிப் பாதிதான் கம்பெனியினுடையது. அதைத் தெரிந்துகொள்ள "பிங்" என்ற சிறு கருவி போதும். 1983-ல் மைக் மூஸ் என்பவர் எழுதியது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் இலவசமாகவே இருக்கிறது. கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் வரும் நேரத்தைக் கணக்கிடுவது போல, ஒரு சிறு செய்தியை அனுப்பி அது திரும்பி வர எத்தனை மில்லிசெகண்டு ஆயிற்று என்று இது சொல்லும். வழியிலுள்ள ஒவ்வொரு படியையும் தனித்தனியே காட்ட "ட்ரேஸ்ரூட்" இருக்கிறது. இதில் முதல் வரி நம் வீட்டு ரூட்டர். அடுத்த வரி பெரும்பாலும் கம்பெனியின் வாசற்படி. கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். கோவையிலிருந்து சென்னை 500 கிலோமீட்டர். போய்த் திரும்ப 5 மில்லிசெகண்டு. வளைவும் இடைநிலையங்களும் சேர்த்து அதைப்போல் இரண்டு மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருக்க, உள்ளூரில் இருக்கும் கம்பெனியின் வாசற்படியிலிருந்து பதில் வர 180 மில்லிசெகண்டு ஆகிறது என்றால் என்ன அர்த்தம்? தூரம் காரணமல்ல, அங்கே ஒரு வரிசை நிற்கிறது. இடையில் ஒரு படி மட்டும் தாமதம் காட்டி அதற்கடுத்த படிகள் விரைவாயிருந்தால் குற்றம் சொல்லக் கூடாது. சில யந்திரங்கள் இந்த விசாரிப்புக்குச் சோம்பலாகப் பதில் சொல்லும். அந்தப் படி தொடங்கிக் கடைசிவரை தாமதம் நீடித்தால்தான் அது தடை.

மேஸ்திரி ஒரு பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு ஏழு நாள் எழுதினார். காலை 6, பகல் 2, இரவு 9 என்று மூன்று வேளை. கம்பி இணைப்பில், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு. காலையில் கம்பெனி வாசற்படி 4 மில்லிசெகண்டு. இரவு 9-க்கு 150, 180, ஒரு நாள் 210. கம்பெனி காட்டும் வேகச் சோதனையிலோ எப்போதும் அமோகமான எண். அந்தச் சோதனை யந்திரம் கம்பெனியின் சொந்தக் கூடத்திலேயே இருந்தால் வெளிவாசலின் நெருக்கடி அதில் எப்படித் தெரியும்? தன் தராசில் தானே நிறுத்துக் காட்டும் வியாபாரியின் கதைதான். வெளி இடங்களிலிருந்தும் இறக்கிப் பார்த்து அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

இந்த நெருக்கடியின் மூலகாரணத்தையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளுக்கு வரும் கண்ணாடி இழை தனி இழையல்ல. செகண்டுக்கு 2,500 மெகாபிட் தாங்கும் ஓர் இழையை வழியில் பிரித்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பங்கிடுகிறார்கள். 64 வீடும் ஒரே கணத்தில் இழுத்தால் ஆளுக்கு 39-க்குமேல் கிடைக்காது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பது அரிது என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது, அதில் மோசமில்லை. மோசம் அதற்கு மேலே இருக்கிறது. உள்ளூர்க்காரர் மொத்தமாக வாங்கும் கொள்ளளவு ஒன்று. சில்லறையாக விற்பது பல மடங்கு. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் மேல்மடைக்காரர் பாய்ச்சிய பிறகு மிஞ்சினதைப் பார்த்துக் காத்திருக்கும் கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் தன் மடையில் எத்தனை அடித் தண்ணீர் வந்தது என்று தெரிந்துகொண்டுதான் அதிகாரியிடம் போகிறான். நாம் வெறும் கோபத்தோடு போகிறோம்.

கம்பெனிமேல் பழி சொல்லக் கூடாத நாட்களும் உண்டு. 2008 ஜனவரியில் அலெக்ஸாந்திரியாவுக்கு அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தபோதும், 2025 செப்டம்பரில் செங்கடலில் அறுந்தபோதும் இந்தியா முழுவதும் வெளிநாட்டுத் தொடர்பு தள்ளாடியது. அன்றைக்கு லைன்மேனைப் பிடித்து வைதவர்கள் பாவம் செய்தவர்கள். ரோடு தோண்டுகிறவர்களின் மண்வெட்டிக்கும் பங்குண்டு. தோண்டுமுன் தெரிவிப்பதற்கென்று 2023-ல் மத்திய சர்க்கார் ஒரு செயலியையே வெளியிட்டது; தோண்டுகிறவர்கள் கையில் அது இருக்கிறதா என்பதை நமது முனிசிபல் கவுன்சிலர்கள் விசாரிப்பது நலம். ரூட்டருக்கு அருகேயுள்ள பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். இழையை ஆணியில் சுருட்டி மடக்கி மாட்டியிருந்தாலும் ஒளி கசிந்துபோகும்.

இனி, உரிமையைப் பற்றி. 2012-ஆம் வருஷத்து ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கம்பெனியும் புகாருக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். அதில் திருப்தியில்லாவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றிப் போகலாம். போனில் பேசிய பெண்மணியிடம் கூச்சலிட்டுவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் வைத்துவிடுகிறோம். எண் இல்லாத புகார் சட்டத்தின் கண்ணில் புகாரே அல்ல. அதற்கும் மேலே நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. இதன் கதை கசப்பானது. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவைக் காட்டி, டெலிபோன் வழக்குகள் நுகர்வோர் மன்றத்துக்குப் போகக் கூடாது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வெள்ளைக்காரன் தந்திக் கம்பத்துக்கு எழுதிய சட்டத்தின் பெயரால், சந்தாதாரருக்கு மன்றத்தின் கதவு அடைபட்டது. 2022 பிப்ரவரியில்தான் அதே கோர்ட், அந்தப் பிரிவு நுகர்வோர் மன்றத்தைத் தடுக்காது என்று வழி திறந்தது. 2023-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் சட்டப்படி பரிகாரம் தேடும் உரிமையை விட்டு வைத்திருக்கிறது. திறந்த கதவின் வழியே எத்தனை பேர் போனார்கள்?

கிராமங்களுக்கு இது இன்னும் அவசரம். தமிழ்நாட்டின் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் செகண்டுக்கு 1,000 மெகாபிட் வீதம் கண்ணாடி இழை கொண்டுபோவதே பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். வேலையை நடத்த மாகாண சர்க்கார் தனி ஸ்தாபனமும் அமைத்தது. நோக்கம் சிறந்தது. ஆனால் சோமனூரிலும் காங்கயத்திலும் வெள்ளக்கோவிலிலும் இழை வந்து சேர்ந்தது என்று கல்வெட்டு வைப்பவர்கள், இரவு 9 மணிக்கு அதில் என்ன ஓடுகிறது என்று எழுதி வைக்கப்போகிறார்களா? பஞ்சாயத்து ஆபீசில் ஒரு பலகை மாட்டி, அன்றாடம் மழை அளவு எழுதுவது போல இதையும் எழுதச் சொல்வதற்குக் கிராம சபையில் ஒரு தீர்மானம் போதும். அரசியல் ஊழியர்கள் செய்யக்கூடிய வேலை இது. செலவு ஒரு சாக்பீஸ்.

மேஸ்திரியின் புகார் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். முதல் புகாருக்கு வந்த பதில்: "ரூட்டரை அணைத்துப் போடவும்." இரண்டாவதற்கும் அதே பதில். மூன்றாவது முறை நோட்டுப் புத்தகத்தின் ஏழு பக்கங்களையும் படமெடுத்து, இரண்டு புகார் எண்களையும் குறிப்பிட்டு, மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் ஒரு என்ஜினீயர் நேரில் வந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தெருவுக்கான வெளிவாய்க்கால் நிரம்பிவிட்டதை ஒப்புக்கொண்டார். பத்து நாளில் அது அகலமாயிற்று. இரவு 9 மணிக்கு வாசற்படி 9 மில்லிசெகண்டு. மகள் அந்த அளவுகளைத் தன் மேலதிகாரிக்கும் அனுப்பினாள். மூன்று மாதத் தவணை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் மட்டும் இன்னும் 60, 70 என்று ஏறுகிறதாம். நண்பர் இரண்டாவது நோட்டு வாங்கியிருக்கிறார்.